மோதிரம் தேர்ந்தெடுத்த மானிட்டர்

சனிக்கிழமை வந்தால் எங்கள் கடை வாசலில் இடது கால் செருப்புகள் மட்டும் குவிந்து கிடக்கும். வலது கால் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. சனிக்கிழமைதோறும் கடைக்கு வந்து யாருக்கு எந்தத் திரை பொருந்தும் என்று குறி சொல்லும் ஒளிஞானி அப்படித்தான் சொல்லியிருந்தார். திரையிலிருந்து கிளம்பும் ஒளி கண் வழியாக உள்ளே போய், உடம்பெல்லாம் ஒரு சுற்று சுற்றி, இடது பாதம் வழியாகத்தான் தரையில் இறங்குமாம். வலது பாதம் என்ன பாவம் செய்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில் கையில் வைத்திருப்பார்.

எங்களுடையது கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடை. அங்கே வந்து நின்ற கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! இன்ஜினியர் வந்தார். வாத்தியார் வந்தார். பல் டாக்டர் தன் உதவியாளரையும் கூட்டிக்கொண்டு வந்தார். தக்காளி வாங்கும்போது ஒவ்வொன்றாக எடுத்து அமுக்கிப் பார்க்கிற ஆட்கள் இவர்கள். சட்டை வாங்கினால் தையலைப் பிரித்துப் பார்ப்பார்கள். பெரிய மானிட்டர் வாங்கும்போது மட்டும் ஒற்றைக் கால் செருப்போடு வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

நான் அந்தக் கடையில் பெட்டி பிரிக்கிறவன். பெட்டியைப் பிரித்து, மானிட்டரை ஸ்டாண்டில் மாட்டி, ஷோரூமில் வைப்பேன். விற்றுவிட்டால் அதே பெட்டியில் போட்டு வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுப்பேன். பன்னிரண்டு வருஷமாக இதே வேலை. ஒளிஞானியை என்னைவிடக் கிட்டத்திலிருந்து பார்த்தவர் முதலாளி ஒருவர்தான். அவர் சொல்ல மாட்டார். அதனால் நான் சொல்கிறேன்.

ஒளிஞானி கடைக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். பார்வை அதிகமாம். கழற்றினால் எதிரே நிற்பவரால் தாங்க முடியாதாம். கறுப்புக் கயிற்றில் ஒரு செம்பு மோதிரத்தைக் கட்டி, ஓடிக்கொண்டிருக்கும் மானிட்டருக்கு முன்னால் தொங்க விடுவார். வாங்க வந்தவர் பின்னால் நின்று அவர் தோளில் கை வைக்க வேண்டும். மோதிரம் வட்டமாகச் சுற்றினால் அந்தத் திரை உங்களை ஏற்றுக்கொண்டது. முன்னும் பின்னும் ஆடினால் பகை. அசையாமல் நின்றால் செத்த திரை. அப்படிச் சுற்றுகிற மானிட்டரை வாங்கிய பிறகு, அதன் மேல் ஒளிக் கவசம் ஒட்ட வேண்டும். அது இளமஞ்சளாக ஒரு பிளாஸ்டிக் தாள். கெட்ட ஒளியைக் குடித்துவிட்டு நல்ல ஒளியை மட்டும் வெளியே விடுமாம்.

ஒருத்தர், பாவம், துணிந்து கேட்டார்: "ஐயா, இது நொடிக்கு எத்தனை படம் காட்டும், எத்தனை ஹெர்ட்ஸ் வரும்?"

"திரைதான் உங்களைப் பார்க்குது, நீங்க திரையைப் பார்க்கலை. பார்க்கப்படுறவனுக்கு ஹெர்ட்ஸ் எதுக்கு?" என்றார் ஞானி.

கேட்டவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததனால் பெரிய விஷயமாகத்தான் இருக்கும் என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது வியாபாரம்.

அப்படி ஒரு சனிக்கிழமையில்தான் அந்த அண்ணனும் தங்கையும் வந்தார்கள். அண்ணனுக்கு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. வீட்டுக்கு வந்தால் கேம் விளையாடுவான். தங்கை வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் படம் திருத்திக் கொடுக்கிறவள். போட்டோவில் நிறம் சரியில்லை என்றால் சரி செய்து அச்சுக்கு அனுப்புவது அவள் பிழைப்பு. வீட்டில் ஒரே மேஜை. பழைய மானிட்டர் புகைந்து போய்விட்டது. பகலில் அவளுக்கும் ராத்திரி அவனுக்கும் பொதுவாக ஒன்று வாங்கலாம் என்று வந்திருந்தார்கள்.

பெண் விவரமானவள். மேஜையின் நீளம் அகலத்தை அளந்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வந்திருந்தாள். "கண்ணுக்கும் திரைக்கும் நடுவுல ஒரு கை நீட்டுற தூரம்தான் இருக்கு. முப்பத்திரண்டு இன்ச்சுக்கு மேல போனா கழுத்தை ஆட்டி ஆட்டிப் பார்க்கணும்" என்றாள். பென் டிரைவில் தன்னுடைய படங்களைக் கொண்டு வந்து ஒவ்வொரு மானிட்டரிலும் போட்டுப் பார்த்தாள். பக்கவாட்டில் நின்று பார்த்தாள். உட்கார்ந்து பார்த்தாள். அண்ணன் கேமை ஓட்டி, வேகமாகத் திரும்பும்போது படம் இழுபடுகிறதா என்று பார்த்தான். கடைசியில் இரண்டு பேருக்கும் பிடித்த மாதிரி ஒன்று அமைந்தது. முப்பத்திரண்டு இன்ச், தட்டைத் திரை, நிறம் சுத்தம், கேமுக்குத் தேவையான வேகமும் இருந்தது. எனக்கே சந்தோஷமாக இருந்தது. இப்படிப் பார்த்து வாங்குகிறவர்களை நான் கண்டு எத்தனை நாளாயிற்று!

அண்ணன் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "எதுக்கும் ஞானிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுவோமே" என்றான்.

"அதான் பார்த்தாச்சே அண்ணா."

"நம்ம பார்வை வேற, அவர் பார்வை வேற. ஆபீஸ்ல எல்லாரும் கேட்டுத்தான் வாங்கியிருக்காங்க. சும்மா வா."

இடது கால் செருப்பைக் கழற்றினார்கள். ஞானி அவளை ஏற இறங்கப் பார்த்தார். கழுத்தில் பென் டிரைவ் தொங்குகிறது. கையில் படங்கள் அச்சிட்ட ஃபைல். மூக்கில் தடித்த கண்ணாடி.

"நீ படத்தோட பழகுற பொண்ணு. உனக்குக் கண்ணைப் பத்தித்தான் கவலை" என்றார்.

"ஐயோ, எப்படிங்க தெரியும்?"

"பார்த்தியா! பார்த்தியா!" என்று அண்ணன் துள்ளினான்.

குருடன்கூடத் தடவிப் பார்த்துச் சொல்லியிருப்பான். ஆனால் அவள் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு வருஷத்தில் இரண்டு தடவை அவளுக்குக் கண்ணாடி மாற்றியிருந்தார்கள். அந்தப் பயம் நிஜமான பயம். ஞானி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

முப்பத்திரண்டு இன்ச்சுக்கு முன்னால் மோதிரம் முன்னும் பின்னும் ஆடியது. "பகை. இதை வாங்கினா ஒரே வருஷத்துல பார்வை போயிடும்" என்றார். அப்புறம் ஒவ்வொரு மானிட்டராக மோதிரத்தைக் காட்டிக்கொண்டே போய், மூலையில் வளைந்த திரையோடு நின்ற ஒன்றின் முன்னால் நின்றார். மோதிரம் கிறுகிறுவென்று சுற்றியது. கூட்டம் 'ஆ' என்றது. இரண்டு வருஷமாக நான் தூசி தட்டிக்கொண்டிருந்த மானிட்டர் அது. பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறும். நேர்கோடு வளைவாகத் தெரியும். படம் திருத்துகிற பெண்ணுக்கு அதைக் கொடுப்பது, தையற்காரிக்கு மொட்டைக் கத்தரி கொடுப்பதற்குச் சமம்.

வீட்டில் கொண்டுபோய்ப் பூட்டியவன் நான். கவசத்தை ஒட்டியதும் இந்தக் கைதான். ஒட்டி முடித்ததும் அந்தப் பெண் தயங்கிக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, வெள்ளை கொஞ்சம் பழுப்பாத் தெரியுதே?"

"பழகிடும்மா" என்றேன். முதலாளி சொல்லிக் கொடுத்த பதில். சொல்லிவிட்டு ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

பழகித்தான் போயிற்று அவளுக்கு, திரை மேல் சந்தேகமே வரவில்லை. அதுதான் கேடு.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், மானிட்டரில் ஏதோ கோளாறு, வந்து பாருங்கள் என்று அந்த வீட்டிலிருந்து போன். போனேன். சாப்பாட்டு மேஜை முழுக்க அச்சுத் தாள்கள் பரப்பிக் கிடந்தன. தங்கை அழுது முடித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். புதிதாக ஒரு அம்மாள் இருந்தார். அந்தப் பெண்ணுக்கு அண்ணி. ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. டியூட்டி முடிந்து வந்தவர் பையைக்கூட இன்னும் கழற்றவில்லை.

நர்ஸ்களுக்கான கைப்புத்தகம் ஒன்று. பிறந்த குழந்தையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று படத்தோடு சொல்கிற புத்தகம். அதற்கான படங்களைத்தான் இந்தப் பெண் திருத்திக் கொடுத்திருந்தாள். சோதனை அச்சைப் பார்த்த டாக்டர் ஒருத்தர் சிவப்பு மையால் பக்கம் முழுக்கக் கோடு கிழித்து அனுப்பியிருந்தார். திங்கட்கிழமைக்குள் சரியான படம் வராவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போகும். இனிமேல் அந்தப் பதிப்பகத்திலிருந்து ஒரு படம்கூட இவளுக்கு வராது.

"இங்க பாருங்க" என்று அண்ணி ஒரு தாளை என் முன்னால் போட்டார். "இடது பக்கம் நல்லா இருக்கிற குழந்தை. வலது பக்கம் மஞ்சள் காமாலை வந்த குழந்தை. கீழே அப்படித்தான் எழுதியிருக்கு. எங்கங்க மஞ்சள்?"

பார்த்தேன். இரண்டு குழந்தைகளும் ரோஜா நிறத்தில் கொழுகொழுவென்று தூங்கிக்கொண்டிருந்தன.

"நான் தினமும் இந்தப் பிள்ளைங்க ரத்தத்தைத்தான் சோதிக்கிறேன். புதுசா வேலைக்கு வர்ற பொண்ணு இந்தப் படத்தைப் பார்த்துத்தானே கத்துப்பா? நாளைக்கு நிஜமாவே மஞ்சளாயிட்டு வர்ற பிள்ளையைப் பார்த்து, 'புத்தகத்துல இப்படி இல்லையே'ன்னு வீட்டுக்கு அனுப்பிட்டா? காமாலை மூளைக்கு ஏறிட்டா அந்தப் பிள்ளை எழுந்து நடக்குமா?"

"நான் சரியாத்தான் பண்ணினேன் அண்ணி" என்று தங்கை விசும்பினாள். "குழந்தை ஒரு வெள்ளைத் துணி மேல படுத்திருக்கு. அந்தத் துணி மஞ்சளாத் தெரிஞ்சுது. எங்கயோ விளக்கு வெளிச்சம் பட்டிருக்குன்னு நினைச்சு, துணி வெள்ளையாகுற வரைக்கும் மஞ்சளைக் குறைச்சேன். எல்லாப் படத்துலயும் அப்படித்தான்."

அண்ணி எழுந்து போனார். மானிட்டரின் மூலையில் நகத்தை வைத்து அந்தக் கவசத்தை ஒரு விரல் அகலம் தூக்கினார். அடியில் பளிச்சென்று வெள்ளை தெரிந்தது. சுற்றிலும் பழுப்பு.

"காமாலை உங்க மானிட்டருக்கு" என்றார்.

அண்ணன் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்தான். "பிய்க்காதே! கவசத்தைப் பிய்ச்சா ஏழே நாள்ல பார்வை மங்கும்னு சொல்லியிருக்கார்!"

"சொன்னா?"

"சொன்னாவா? அவருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?"

எனக்கு மனசு உறுத்தியது. "அது... கடைப் பின்பக்கம் ரோலா வருதுங்க. நான்தான் கத்தரியால வெட்டுறேன். பார்சல் சுத்துறதுக்கு விக்கிறாங்களே, அதே பிளாஸ்டிக்தான்" என்றேன்.

"ஞானி கை பட்டதும் அதோட குணம் மாறிடும்" என்றான் அண்ணன். அவர் கை அதில் பட்டதே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் கேட்கிற நிலையில் இல்லை.

தங்கை கெஞ்சினாள். "அண்ணி, வேணாம். வேலை போனா வேற தேடிக்கலாம். கண்ணு போச்சுன்னா நான் எதை வச்சுப் பிழைக்கிறது?"

ஒரு துண்டு பார்சல் தாள், ஒரு பெண்ணின் பிழைப்பைத் தின்றுகொண்டிருக்கிறது. ஊர் பேர் தெரியாத ஏதோ ஒரு குழந்தையின் உயிருக்கு உலை வைக்கிறது. அதைக் கழற்ற நகம் போதும், ஆனால் கழற்றப் பயம்.

அண்ணி கையை எடுத்துவிட்டார். "சரி. நாளைக்குச் சனிக்கிழமைதானே? அவர்கிட்டயே போய்க் கேட்போம்" என்றார். வாசல் வரைக்கும் என்னோடு வந்து, தணிந்த குரலில், "உங்க கடையில பெரிய அட்டைப் பெட்டி இருக்குமா?" என்று கேட்டார். பெட்டியைத் தவிர என்னிடம் வேறு என்ன இருக்கிறது என்றேன்.

மறுநாள் வழக்கத்தைவிடக் கூட்டம். தங்கை அச்சுத் தாளைக் காட்டி நடந்ததைச் சொன்னாள். ஞானி தாளைக் கண்ணாடிக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.

"திரையில குத்தம் இல்ல. உன் கண்ணுல ஒளி வத்திப் போச்சு. ஒரு கவசம் போதாது, மேல இன்னொண்ணு ஒட்டு."

"ஒட்டிடலாம்" என்றார் அண்ணி சட்டென்று. "ஒண்ணு இல்ல, பத்து ஒட்டிடலாம். எங்க லேப்ல இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாத்துக்கும் வாங்கிடுறேன். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஆசை. உங்க சக்தியை நான் நேர்ல பார்க்கணும்."

"பாரும்மா, தாராளமா."

"மூணு மானிட்டர் கொண்டு வரச் சொல்றேன். பெட்டிக்குள்ள வச்சு, திரை மட்டும் தெரியுற மாதிரி ஓட்டை போட்டு. எது இவளுக்குப் பொருந்தும், எது பகைன்னு சொல்லுங்க. உங்களுக்கு மானிட்டரோட வடிவம் எதுக்கு, பேர் எதுக்கு? ஒளியைத்தானே பார்க்குறீங்க?"

முதலாளி ஓடி வந்தார். "பெட்டி எதுக்கும்மா? சும்மா பார்த்துச் சொல்லுவார்."

"ஞானிக்குப் பெட்டி ஒரு தடையா?" என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் உரக்கக் கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை, பக்தியோடு கேட்டார். "காட்டுங்க ஞானி, காட்டுங்க" என்று நாலு பேர் போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். இனி அவர் மறுத்தால் மானம் போகும். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு தலையை ஆட்டினார்.

"சாட்சிக்கு யாராவது வேணும்" என்று சொல்லி, அண்ணி தன் புருஷனையே தொட்டார். "நீங்களே உள்ள போய் நில்லுங்க. எந்த மானிட்டர் எந்தப் பெட்டியில போகுதுன்னு கண்ணால பாருங்க. முடியுற வரைக்கும் வாயை மட்டும் திறக்கக் கூடாது."

அண்ணன் ஜம்பமாக உள்ளே வந்தான். பின்கட்டில் நான் பெட்டியில் ஓட்டை வெட்டினேன். தங்கை தானாகப் பார்த்துப் பிடித்துப்போய், பிறகு ஞானி பகை என்று தள்ளிய அதே முப்பத்திரண்டு இன்ச் மானிட்டரை உள்ளே வைத்தேன். திரையில் வெறும் நீல வெளிச்சம். சக்கர வண்டியில் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

"இது ஒண்ணாம் நம்பர்" என்றார் அண்ணி.

தங்கை ஞானியின் தோளில் கை வைத்தாள். மோதிரம் முன்னும் பின்னும் ஆடியது. "பகை! பகை! கொண்டு போங்க இதை" என்றார் ஞானி. நான் உள்ளே தள்ளிக்கொண்டு போனேன். அண்ணி முந்தின நாள் வாசலில் சொல்லி வைத்திருந்தபடி பெட்டியை மட்டும் மாற்றினேன். வேறு ஓட்டை, வேறு அட்டை. உள்ளே அதே மானிட்டர். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் உதட்டில் விரலை வைத்தேன்.

"இரண்டாம் நம்பர்."

மோதிரம் சுற்றியது. சுற்றியது என்றால் சாதாரணச் சுற்று இல்லை. கூட்டம் கை தட்டியது. "ஆஹா! பொண்ணும் திரையும் ஒரே ஒளி! இதை விட்டுடாதீங்க!" என்று ஞானி கண்ணாடிக்கு மேலே புருவம் உயர்த்தினார்.

மறுபடி உள்ளே. மறுபடி பெட்டி மாற்றம். அண்ணன் முகத்தில் ரத்தம் ஏறிவிட்டது. அவன் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன்.

"மூணாம் நம்பர்."

மோதிரம் அசையவில்லை. "செத்த திரை" என்றார் ஞானி, வருத்தத்தோடு. "செஞ்சப்பவே உயிர் இல்லாம செஞ்சுட்டாங்க. இதை வீட்டுல வச்சா வச்ச இடம் விளங்காது."

அண்ணனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பின்கட்டிலிருந்து பாய்ந்து வந்து பெட்டியை இரண்டு கையாலும் கிழித்தான். "யோவ்! மூணும் ஒண்ணுதான்யா! நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். ஒரே மானிட்டரை மூணு தடவை கொண்டு வந்தாங்க. ஒரு நிமிஷம் முன்னாடி இதுக்குத்தானே கை தட்டினீங்க?"

அண்ணி சாவகாசமாகப் பேசினார்.

"எங்க லேப்ல ஒரு வழக்கம். மெஷின் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்க்கணும்னா, ஒரே ஆள் ரத்தத்தை மூணு குப்பியில ஊத்தி, மூணு பேர் எழுதி அனுப்புவோம். மூணுக்கும் ஒரே பதில் வந்தா மெஷின் நல்ல மெஷின். ஒருத்தனுக்குச் சர்க்கரை, ஒருத்தன் ஆரோக்கியம், ஒருத்தன் செத்துட்டான்னு வந்தா, மெஷினை மூட்டை கட்டிடுவோம்."

ஞானி விடுவாரா? "பெட்டி ஒளியைத் தடுத்துடுச்சு" என்றார். தடுத்திருந்தால் மூன்று தடவையும் தடுத்திருக்க வேண்டுமே என்று பல் டாக்டர் கேட்டார். பல் டாக்டருக்கு அன்றைக்குத்தான் மூளை வேலை செய்தது. "திரை மனசு மாறும்" என்றார் ஞானி. அப்படியென்றால் எங்கள் வீட்டில் இருப்பதும் மனசு மாறியிருக்குமே என்று பின்வரிசையில் ஒரு குரல் வந்தது. "சந்தேகப்படுற ஆள் பக்கத்துல இருந்தா மோதிரம் வேலை செய்யாது" என்றார். இரண்டாம் தடவை வேலை செய்தபோதும் அண்ணி பக்கத்தில்தானே நின்றார் என்றார்கள்.

நான் இப்போது ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் முதலாளி என் கையில் ஒரு பச்சை ஸ்டிக்கர் தாளைக் கொடுப்பார். எந்த மானிட்டர் ஆறு மாதமாக விலை போகாமல் நிற்கிறதோ அதன் ஸ்டாண்டில் சின்னதாக ஒரு பச்சைப் பொட்டு ஒட்டச் சொல்வார். கையிருப்பு பார்க்க என்பார். நான் ஒட்டினேன். ஞானியின் மோதிரம் பச்சைப் பொட்டுக்கு முன்னால் மட்டும்தான் சுற்றும் என்பதை நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். கவனித்தேன். அதற்கு மேல் யோசிக்காமல் இருப்பது சுகமாக இருந்தது. பெட்டி பொட்டை மறைத்துவிட்டதால்தான் மனுஷன் குத்துமதிப்பாக ஆட்டித் தொலைத்தார்.

இதைக் கூட்டத்தின் முன்னால் அப்படியே சொன்னேன். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் திங்கட்கிழமை எனக்கு அங்கே வேலை இல்லை என்று தெரிந்தது.

"எங்க மானிட்டர்லயும் பச்சைப் பொட்டு இருக்குது! நான் ஏதோ தரமான பொருளுக்கு ஒட்டுறதுன்னு நினைச்சேன்!" என்று ஒருத்தர் அலறினார். அவ்வளவுதான். ஆளாளுக்கு வீட்டுக்குப் போன் போட்டு, ஸ்டாண்டைப் பார், ஸ்டாண்டைப் பார் என்று கத்த ஆரம்பித்தார்கள்.

தங்கை மட்டும் கத்தவில்லை. அவளுக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. ஞானியின் எதிரே போய் நின்றாள்.

"மோதிரம் பொய்யாவே இருக்கட்டும். கவசம் இல்லாம பார்த்தா கண்ணு போயிடும்னு சொன்னீங்களே, அது நிஜமா?"

"சத்தியமான நிஜம்" என்றார் ஞானி. பிடித்துக்கொள்ள அந்த ஒரு கொம்புதான் அவருக்கு மிச்சம்.

"உங்க போனைக் காட்டுங்க."

ஞானி சட்டைப் பையைக் கையால் மூடினார். அண்ணன் அந்தக் கையை எடுத்தான், பெண் போனை உருவினாள். பெரிய போன். பளபளவென்று மொட்டைக் கண்ணாடி. கவசமும் இல்லை, ஒரு காகிதத் துண்டும் இல்லை. அன்றைக்குக் காலையிலிருந்து நாலு மணி நேரம் வீடியோ பார்த்திருக்கிறார் என்று போனே கணக்குச் சொன்னது.

"உங்க கண்ணு மட்டும் என்ன இரும்பா?" என்று கேட்டாள். "என் கண்ணைச் சொல்லித்தானே பயமுறுத்தினீங்க? மூணு வாரம் எனக்குத் தூக்கமே இல்லை!"

அண்ணி அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். "கண்ணுக்கு என்ன ஆச்சுன்னு கண் டாக்டர் சொல்லட்டும். திங்கட்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன். இப்ப உன் வேலையைப் பாரு."

கிழிந்த பெட்டிக்குள் இருந்த அந்த முப்பத்திரண்டு இன்ச்சின் முன்னால் அவள் உட்கார்ந்தாள். பென் டிரைவைச் செருகி, தான் திருத்தாத மூலப் படத்தைத் திறந்தாள். வெள்ளைத் துணி வெள்ளையாக இருந்தது. அதன் மேல் குழந்தை. நெற்றி, மூக்கு, நெஞ்சு, வயிறு எல்லாம் மஞ்சள். யாரும் எதையும் திருத்த வேண்டியிருக்கவே இல்லை. தன் கையால் ஒரு நோயை அழித்து வைத்திருந்ததை அவள் பார்த்தாள். என் கையால் ஒட்டிய தாள் அது என்பதை நானும் பார்த்தேன். அந்த நிமிஷத்தில் எனக்கு என் மேல் வந்த ஆத்திரம் ஞானி மேல்கூட வரவில்லை.

இந்தச் சந்தடியில் ஞானி பின்கட்டு வழியாக நழுவப் பார்த்தார். பெட்டிகளை நான் அங்கேதான் அடுக்கி வைத்திருந்தேன். தடுக்கி விழுந்தார். கறுப்புக் கண்ணாடி கழன்று ஓடியது. தாங்க முடியாத பார்வை என்றாரே, அந்தக் கண்ணை எல்லோரும் பார்த்தோம். முழித்துக்கொண்டிருந்தது. மக்கள் பிடித்து உட்கார வைத்து, போலீஸ் வரும் வரைக்கும் முதலாளியையும் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள்.

கடையை விட்டுக் கிளம்புவதற்கு முன் கடைசியாக ஒரு மானிட்டரைப் பூட்டிக் கொடுத்தேன். அந்த முப்பத்திரண்டு இன்ச்சை, வளைந்ததைத் திருப்பி எடுத்துக்கொண்டு, அந்த வீட்டில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அவள் எல்லாப் படங்களையும் முதலிலிருந்து செய்தாள். அன்றைக்கு அண்ணன் கேம் பக்கமே போகவில்லை. திங்கட்கிழமை படம் போனது. சிவப்பு மை டாக்டர் இந்தத் தடவை ஒன்றும் கிழிக்கவில்லை. புத்தகம் அச்சுக்குப் போனது.

இதோடு எல்லோருக்கும் புத்தி வந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? அன்றைக்கு நான் வண்டியில் மானிட்டரை ஏற்றிக்கொண்டிருந்தபோது, பக்தியோடு கேள்வி கேட்ட அந்தப் பெரியவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ரகசியமாகக் கேட்டார்.

"அந்த ரெண்டாம் நம்பர் பெட்டியில மோதிரம் என்னமா சுத்துச்சு! அந்த மானிட்டரை மட்டும் எனக்குத் தனியா எடுத்துக் குடுக்க முடியுமா?"

"மூணும் ஒண்ணுதான்யா. இதோ, வண்டியில இருக்கே" என்றேன்.

"அது சரி. ஆனா ரெண்டாம் நம்பர் எது?" என்றார்.

ஐயா, அம்மா, படிக்கிற உங்களிடமே சொல்கிறேன். அந்தப் புத்தகம் அப்படியே அச்சாகியிருந்தால் மஞ்சளாய்க் கிடக்கிற ஒரு குழந்தையை ஏதோ ஒரு நர்ஸ் வீட்டுக்கு அனுப்பியிருப்பாள். அனுப்பியவர்கள் பட்டியலில் ஒளிஞானியும் முதலாளியும் மட்டும்தான் ஏமாற்றுக்காரர்கள். தாளை ஒட்டிய நான், வரிசையில் நின்ற இன்ஜினியர், வாத்தியார், இந்தப் பெரியவர் எல்லோரும் ரொம்ப நல்லவர்கள். அந்தக் குழந்தையைக் கொல்ல, யோசிக்காத நல்லவர்களே போதும்.